இட்லி மூடிக்கு ஒரு காப்புரிமை

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, காலை எட்டரை மணிக்கு, ஒரு இட்லிக்காரரின் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு "இது என்னோட மூடி" என்று நான் கத்தினேன். வாழைப்பூ வாங்கத்தான் செம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதன் மேல் குவிந்த கூரை மாதிரி ஒரு மூடி. அந்தக் குவிவு என்னுடையது. பென்சிலும் காம்பஸுமாக மூன்று மாதம் உட்கார்ந்து நான் வரைந்த வளைவு அது.

இட்லிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பயந்துபோனார்.

"மூடி என்னுதுய்யா. துட்டு குடுத்து வாங்கியிருக்கேன். களவாண்ட மூடிங்கியளா?"

"களவுன்னு சொல்லல. காப்புரிமை மீறல்."

அவருக்கு அது களவைவிட மோசமானதாகக் கேட்டிருக்க வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டார். கூட்டம் சேர்ந்தது. போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் வந்து, "கியா ஹுவா, காக்கா?" என்றார், என்ன ஆச்சு பெரியவரே என்று. நான் இந்தியில் விளக்க முற்பட்டேன். நாற்பது வருடம் பம்பாயில் இருந்தும் என் இந்தி ஆட்டோக்காரரோடு பேசுவதற்குமேல் வளரவில்லை. "டக்கன் மேரா ஹை" என்றேன். மூடி என்னுடையது என்று பொருள். கான்ஸ்டபிள் புரியாமல் பார்த்ததால் நெஞ்சில் கை வைத்து, "டக்கன், மை, மை" என்றேன். பம்பாய் இந்தியில் டக்கன் என்றால் மூடி. அறிவு கொஞ்சம் குறைந்தவனுக்கும் அதே சொல்தான். கூட்டம் சிரித்த சிரிப்பில் இட்லிக்காரரும் சேர்ந்துகொண்டார். கான்ஸ்டபிள் மட்டும் சிரிக்காமல், ஒரு மூடிக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதித் தருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். மூடியை எங்கே வாங்கினாய் என்று மட்டும் இட்லிக்காரரிடம் கேட்டேன். தாராவியில் ஒரு பட்டறையைச் சொன்னார். அடையாளம் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் போன பட்டறை. முதல் மூடியைச் செய்து கொடுத்ததே அந்தப் பட்டறைக்காரர்தான். வாழைப்பூ வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

நான் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவன். முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் காலனிக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரரிடம் தினமும் குறை சொல்வதே என் உத்தியோகமானது. மேல் தட்டு இட்லிகள் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி இட்லிமேலேயே சொட்டுகிறது, நான் என்ன செய்ய என்று அவர் ஒருநாள் கையை விரித்தார். அன்று மத்தியானமே காகிதத்தை எடுத்துவிட்டேன். வெளியே குவிந்த மூடி, உள்ளே சரிவாக இன்னொரு தகடு, ஓரத்தில் சுற்றிவர ஒரு வாய்க்கால், வாய்க்காலில் சேரும் தண்ணீர் வெளியே போக ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாயின் மேல் எனக்குத் தனிப் பிரியம். யானைத் தும்பிக்கைபோல மெல்ல வளைந்திருக்கும்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்த காப்புரிமை முகவர் பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் இருந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் குழாய் கட்டாயமா? இதை விட்டுட்டு எழுதினால் உரிமை இன்னும் அகலமாக் கிடைக்கும்." குழாய் இல்லாவிட்டால் அது கண்டுபிடிப்பே இல்லை என்று அவரிடம் கோபித்துக்கொண்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, குழாயையும் முதல் உரிமைக்கோரிக்கையில், அதாவது க்ளெய்மில், சேர்த்து எழுதினார்.

விண்ணப்பம் போட்ட மறுவாரமே தாராவிப் பட்டறைக்குப் போனேன். மகா எச்சரிக்கையோடு போனேன். விண்ணப்பம் போட்டிருப்பதைச் சொன்னால் இதில் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார் என்று அதை மறைத்தேன். வரைபடத்தின் மூலையில் என் பெயர் எழுதியிருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். பெயரைக் கேட்டபோது "செம்பூர்னு போட்டுக்குங்க" என்றேன். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினார். பத்து மூடி செய்து கொடுத்தார். மூடியின் நெற்றியில் PATENT என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சுக் குத்த வேண்டும் என்றேன். அது என்ன என்று கேட்டார். கம்பெனிப் பேர் என்று சொன்னேன்.

பத்தையும் இட்லிக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் ஏழு திரும்பி வந்தன. குழாய் அடைத்துக்கொள்கிறது என்றார்கள். உங்களுக்குக் கழுவத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். சில வருடம் கழித்துக் காப்புரிமைச் சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். வியாபாரம் அத்தோடு முடிந்தது என்று சொல்லலாம். சான்றிதழ் இருக்கும்போது வியாபாரம் வேறு எதற்கு என்ற நிலையில் இருந்தேன்.

மாட்டுங்காவிலிருந்து திரும்பிய அன்று நேரே கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தேன். வக்கீலைப் பார்க்கச் சொன்னாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரி நோட்டீஸைப் பார்த்து நானே எழுதினேன். பட்டறைக்கு முத்திரை வைக்கப்படும், இயந்திரங்கள் பறிமுதல் செய்யப்படும், மூன்றாண்டு கடுங்காவல் தண்டனை காத்திருக்கிறது, ஏழு நாள் அவகாசம். நோட்டீஸில் என் முழுப்பெயர், பட்டங்கள், முன்னாள் பதவி எல்லாம் இருந்தன. காப்புரிமை எண் இருந்ததா என்றால், இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது, ஒரு வக்கீலிடமிருந்து. என் நோட்டீஸ் ஆதாரமில்லாத மிரட்டல் என்றும், உடனே திரும்பப் பெறாவிட்டால் என்மீதே வழக்குத் தொடரப்படும் என்றும் எழுதியிருந்தார். மறுபடி மறுபடி படித்தேன். மூடி என்னுடையது, வழக்கு என்மேல். எதிர் ஃபிளாட் மாமியின் மருமகள் இதே துறையில் வக்கீல் என்பதையும், மாட்டுங்காவில் பாத்திரக்கடை மாடியில் அவளுக்கு ஆபீஸ் இருப்பதையும் மனைவி ஒரு துண்டுத் தாளில் எழுதி என் காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நோட்டீஸை முழுதாகப் படித்தாள். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தாள்.

"மாமா, இத நீங்களே எழுதினேளா?"

"ஆமாம்மா. கொஞ்சம் காரமா எழுதிட்டேனோ?"

"பேடண்ட மீறினா ஜெயிலே கிடையாது மாமா. இது சிவில் சமாச்சாரம். நீங்க டிரேட்மார்க் நோட்டீஸப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கேள்."

பிறர் காப்பி அடித்ததற்காக நான் அனுப்பிய நோட்டீஸே காப்பி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு இப்படி ஒரு காப்புரிமை இருக்கிறது, இதுதான் எண் என்று மட்டும் தெரிவித்திருந்தால் அது மிரட்டல் ஆகாது. பட்டறையைப் பூட்டுவேன், ஜெயிலில் போடுவேன் என்றதால்தான் எதிராளிக்குக் கோர்ட்டுக்குப் போக வழி பிறந்தது. மிரட்டல் நியாயமில்லை என்று அவர் தீர்ப்புக் கேட்கலாம், தடை கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம்.

"சரி, என் உரிமைக்கு என்னதான் பரிகாரம்?"

"நிறைய இருக்கு மாமா. செய்யக்கூடாது, விக்கக்கூடாதுன்னு தடை உத்தரவு வாங்கலாம். நஷ்டஈடு கேக்கலாம், இல்லேன்னா அவர் சம்பாதிச்ச லாபத்தக் கேக்கலாம், ரெண்டுல ஒண்ணு. செஞ்சு வெச்சிருக்கற மூடியெல்லாம் அழிக்கச் சொல்லலாம். ஆனா அவரும் சும்மா இருக்கமாட்டார். உங்க பேடண்டே செல்லாதுன்னு எதிர்மனு போடுவார். அப்பறம் கேஸ் ஹைகோர்ட்டுக்குப் போயிடும்." நோட்டீஸை மடித்து வைத்தாள். "அவருக்கு இந்த பேடண்ட் இருக்கறது தெரியுமோ?"

"எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவேயில்லையே. ரகசியமா வெச்சிருந்தேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேடண்டுன்னாலே ஊரறியச் சொல்றதுதான் மாமா."

"மூடிலே PATENT னு குத்தியிருக்கே!"

"நம்பர்?"

நம்பர் இல்லை. வெறும் சொல் போதாதாம். எண்ணும் சேர்ந்திருந்தால்தான் எதிராளிக்கு விஷயம் தெரியும் என்று வாதாட முடியும். தெரியாமல் செய்தேன் என்று அவர் நிரூபித்துவிட்டால் தடை உத்தரவு கிடைக்கலாம், நஷ்டஈடு கிடைக்காது. போதாக்குறைக்கு அவரிடம் அந்தச் சொல்லுக்குக் கம்பெனிப் பெயர் என்று அர்த்தம் சொன்னதே நான்தான். இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். அவள் மறுபடி தண்ணீர் குடித்தாள்.

அடுத்து, வருடாவருடம் கட்டவேண்டிய புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று கேட்டாள். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு நினைவில்லை. கட்டாவிட்டால் காப்புரிமை காலாவதி ஆகிவிடும் என்றாள். மனைவிக்குப் போன் செய்தேன்.

"கட்டியாச்சு. ஒவ்வொரு வருஷமும் நான்தான் கட்டறேன். ரசீது பீரோல, உங்க ஸ்வெட்டருக்கு அடில இருக்கு" என்றாள்.

"என்கிட்ட சொல்லவேயில்லையே?"

"சொன்னா நானே கட்டறேன்னு சொல்வேள். அப்பறம் மறந்துடுவேள்."

வக்கீல் பெண்ணுக்கு எதிர்முனைப் பேச்சு கேட்டிருக்க வேண்டும். நோட்டில் எதையோ எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"அந்த மூடியத் திறந்து பாத்தேளா மாமா?"

"திறக்கணுமா என்ன? வெளியிலேர்ந்து பாத்தாலே தெரியறது. நான் வரைஞ்ச வளைவு எனக்குத் தெரியாதா?"

"கோர்ட்ல வளைவப் பாக்கமாட்டா. உங்க க்ளெய்ம்ல இருக்கற ஒவ்வொரு அம்சமும் அவர் மூடில இருக்கான்னு ஒண்ணொண்ணா வெச்சுப் பாப்பா. முதல்ல ஒரு மூடி வாங்கிண்டு வாங்கோ."

மறுநாள் பிற்பகல் மாறுவேடத்தில் தாராவிக்குப் போனேன். மகனுடைய கிரிக்கெட் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், கறுப்புக் கண்ணாடி. பட்டறை வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அட, செம்பூர் அண்ணே! வாங்க, வாங்க. எங்க போனிய இத்தன வருசமா? மூஞ்சிய எதுக்கு மூடியிருக்கிய, சளியா?"

பட்டறைக்காரர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஏர்வாடிப் பக்கத்துக்காரர். தகடு வெட்டும் சத்தத்துக்கு மேல் பேசிப்பேசி எப்போதும் உரத்த குரல். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இஞ்சி டீ வந்தது. மாஸ்க்கைக் கழற்றாமல் டீ குடிக்க முடியாது என்பதால் கழற்றினேன்.

"நல்ல நேரத்துல வந்திய. நீங்க படிச்சவுக. ஒரு காயிதம் வந்திருக்கு, வாசிச்சு அர்த்தம் சொல்லுங்க. எனக்கு இங்கிலீசு ஓடாது. மச்சான் யாரோ வக்கீலு கையில குடுத்துப் பதிலு போடச் சொல்லிட்டான். ஆனா உள்ள என்னதான் எழுதியிருக்குன்னு எவனும் முழுசாச் சொல்ல மாட்டேங்குதான். எவனோ ஒரு கிறுக்கன், நாம அவன் சாமானத் திருடிட்டோம்னு அனுப்பியிருக்கான்ணே."

என் நோட்டீஸை என் கையில் கொடுத்தார்.

வாசித்தேன். வேறு வழியில்லை. ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். பட்டறைக்கு முத்திரை என்ற இடத்தில் தகடு வெட்டுவது நின்றது. வேலை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் கேட்க ஆரம்பித்தார்கள். எழுதும்போது எனக்கு இனித்த சொற்கள் அங்கே, அந்த வெக்கையில், கேவலமாக ஒலித்தன. "கடுங்காவல்" என்பதை "ஏதோ தண்டனை" என்று மாற்றிச் சொன்னேன்.

"ஜெயிலுன்னுதானண்ணே போட்டிருக்கான்? அது மட்டும் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. என் வீட்டுக்காரி அன்னையில இருந்து சரியாச் சாப்புடல. எவன்ணே இவன்? கடைசியில பேரு போட்டிருக்கும்லா, வாசிங்க."

பெயரை வாசித்தேன். பட்டங்களை விட்டுவிட்டேன்.

"யாருன்னே தெரியலியே" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: விண்ணப்பம், கத்தரித்த மூலை, கம்பெனிப் பெயர் என்ற பொய், மாட்டுங்காவில் போட்ட கூச்சல்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லாண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு எழுந்து, மேலே போகும் இரும்பு ஏணியைக் காட்டினார். "மேல வாங்க. ஜெயில் எல்லாம் கெடையாதுன்னு அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

ஏறினேன். செங்குத்தான ஏணி. தொப்பி கீழே விழுந்தது. மேல் அறையில் அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"அந்தக் கடுதாசி எழுதுனது நீங்கதானா?" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாத்தா படிச்சவுக மாதிரி இருக்கிய" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்நாளில் மேலதிகாரி அல்லாத ஒருவரிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு அதுவாகத்தான் இருக்கும். நான் இறங்கும்போது, "மெதுவா எறங்குங்க, ரெண்டாவது படி ஆடும்" என்றார்.

கீழே பட்டறைக்காரர் ஒரு மூடியை எடுத்து வைத்திருந்தார். "இதுதானண்ணே சண்டை? நல்லாப் பாருங்க" என்று திருப்பிக் காட்டினார். உள்தகடு இருந்தது. வாய்க்கால் இருந்தது. குழாயைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஓரம் லேசாக வெளியே மடிக்கப்பட்டு, ஜாடி வாய்போல ஒரு மூக்கு இருந்தது.

"குழாய் எங்க?"

"அதப் புடுங்கி எறிஞ்சாச்சுண்ணே. ஆவியோட மாவுப் பிசுக்கு ஏறி அடச்சிக்கிடுது. சைக்கிள்காரங்க வந்து திட்டுனானுவ. அந்த ஒண்ணுதான் உங்க மூடியில கெடுதல். இப்பம் மூடியத் தூக்கும்போதே சாய்ச்சு ஊத்திருவாங்க. கழுவுததும் லேசு."

ஒரு ஆளைப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லிச் செய்தே காட்டினார். ஒரே சாய்ப்பில் தண்ணீர் அத்தனையும் இறங்கியது. என் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்க இருபது நிமிடம் ஆகும். மூடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. நல்ல வேலை என்று சொல்லவும் தோன்றியது. கடைசியில் சொன்னேன்.

வக்கீல் பெண் மூடியையும் என் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "முதல் க்ளெய்ம்ல 'நீரை வெளியேற்றும் குழாய்'னு தெளிவா இருக்கு. இவர்கிட்ட குழாயே இல்ல. மூக்கும் குழாயும் ஒரே வேலையத்தானே செய்யறதுன்னு வாதாடிப் பாக்கலாம். ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல மாமா. குழாய் இல்லாம எழுதியிருந்தேள்னா கேஸ் நம்ம பக்கம். குழாய் கட்டாயம்னு அந்த ஏஜெண்ட் எதுக்குச் சேர்த்தார்?"

"அவர் வேண்டாம்னுதான் சொன்னார்" என்றேன்.

மிரட்டலைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே எழுதினாள். நாலே வரி. பட்டம், பதவி எதையும் போட விடவில்லை.

அந்தக் கடிதத்தைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தபோது, பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். தாதரில் ஒரு கேட்டரிங்காரர் நூறு பேருக்கு அவிக்கும் பெரிய பாத்திரத்துக்கு இதே மாதிரி மூடி கேட்கிறார். அந்த அளவுக்குச் சரிவு எவ்வளவு, வாய்க்கால் எவ்வளவு என்று கணக்குப் போட அவருக்கு ஆள் இல்லை. நான் வரைந்து கொடுத்தால் அவர் செய்வார். இருவர் பேரிலும் புதிதாக விண்ணப்பம் போடலாமா என்று கேட்டேன். "அந்தக் காயிதச் சங்கதியெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க. குழாய் மட்டும் வைக்காதிய" என்றார்.

வக்கீல் பெண் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் தயாரித்தாள். கையெழுத்துப் போடும் முன் இன்னொரு ஷரத்து வேண்டும் என்றார் பட்டறைக்காரர்: எது நடந்தாலும் காயிதம் அனுப்புமுன் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணணும். இது சட்ட பாஷையில் வராது என்றாள் அவள். வராவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அப்படியே நாலாவது ஷரத்தாக அது ஏறியது.

அதை முதலில் மீறியது நான்தான். பெரிய மூடி மூன்று தயாரான வாரம், கைப்பிடி இடது பக்கம் ஒரு விரற்கடை தள்ளியிருக்கிறது என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதி கூரியரில் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"அண்ணே, நாலாவது ஷரத்து" என்றார்.

"தப்புத்தான். என்ன பரிகாரம் சொல்றீங்க?"

"கெளம்பி வாங்க. வந்து நீங்களே ரிவெட்ட அடிச்சு கைப்பிடிய மாத்துங்க."

போனேன். கைப்பிடியை மாற்றினேன். அரை மணி நேரத்தில் ஆகவேண்டிய வேலைக்கு எனக்கு மத்தியானம் வரை ஆனது. நான் மாற்றியது வலது பக்கம் ஒரு விரற்கடை தள்ளிப்போயிருந்தது. பட்டறையில் யாரும் அதைப் பற்றிக் கடிதம் எழுதவில்லை.